தெற்குச் சுவர்ப் பல்லியும் நானூற்றுப் பன்னிரண்டு சைகைகளும்

படப்பை
3 ஜனவரி 2015

அறிவிலும் கோபத்திலும் பெற்றவளான என் அக்காவையே மிஞ்சிய மருமகள் பிரவீனாவுக்கு, இருபத்தாறு வருடமாகக் கம்பெனி பஸ் ஓட்டி, எதிரே வந்த டேங்கர் லாரிகளையெல்லாம் மீசையைக் காட்டியே ஓரங்கட்டிய பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது.

நான் தமிழில் அனுப்பிய ஏழு எஸ்.எம்.எஸ்ஸும் உன் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். போன் போட்டால் உனக்குக் கேட்காது. நேரில் பேசினாலும் இந்த மீசை உதட்டை மறைக்கிறது என்பாய். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோன நாள் முதல் நமக்குள் துண்டுச்சீட்டும் கடிதாசும்தான். அதுவும் நல்லதுக்கே. நூற்றறுபது எழுத்துக்குள் அடங்குகிற ஆளா நான்?

விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்கு முன் உட்கார்ந்துகொள்.

உங்கள் செல்போன் கம்பெனி நவம்பரில் கதவைச் சாத்தியபின், நீ மதுரைப் பள்ளிக்கு வேலைக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே, அந்தக் கறுப்புப் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. நீயும் நாலாம் லைனில் உன்னோடு இருந்த காது கேளாத பதின்மூன்று பேரும் கம்பெனிச் சொல் ஒவ்வொன்றுக்கும் நீங்களாகவே உண்டாக்கிய சைகை அத்தனையும் அதில் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு வீடியோ. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள், நம் மொட்டைமாடி, பின்னால் திரையாக என் எட்டு முழ வேட்டி. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மூன்று வருடம் வேட்டிக்குப் பின்னால் நின்று வெயில் குடித்த மகான் நான்.

அதை டிவிடியில் ஏற்றி மார்ச் 2க்குள் ஒரகடத்து பிரஸ் கம்பெனியில் கொடுக்கச் சொன்னாய். வீடியோ இருந்தால்தான் பயிற்சி, பயிற்சி இருந்தால்தான் உங்கள் லைன் ஆட்களும் புதியவர்களுமாகக் காது கேளாத இருபத்திரண்டு பேருக்கு வேலை. மறக்கவில்லை. இப்போது என் பஸ்ஸும் அந்தக் கம்பெனிக்குத்தானே ஓடுகிறது.

தாமதத்துக்குக் காரணம் நானில்லை, பல்லி. டிசம்பர் 20 முதல் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உன் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். பெட்டியைச் செருகுவேன். உடனே தெற்குச் சுவர்ப் பக்கமிருந்து பல்லி சொல்லும். டிக், டிக், டிக். தெற்கே சொன்னால் காரியத் தடை. எழுந்துவிடுவேன். இப்படிப் பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் எல்லாப் பல்லிகளுக்கும் பாட்டனே வந்து சொன்னாலும் சரி என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. எதையும் அமுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பல்லி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் யோசனையை எதிர்பார்த்து,
பாண்டுரங்கன் மாமா


மதுரை
7 ஜனவரி 2015

மாமா,

ஒரே கேள்வி. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அந்தப் பல்லி ஒரு தடவையாவது சொன்னதா?

இங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற கனிஷ்கா டீச்சரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு சுற்றும். அதன் மேல் ஒரு கை போய் வந்து படிக்கும். அந்தக் கை கெட்டுப்போனால் வழி தெரியாமல் போய்ப் போய் முட்டும். அந்தச் சத்தம்தான் டிக் டிக். ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் அந்தக் கை தட்டைக் கீறக்கூடும். நீங்கள் பன்னிரண்டு நாள் கொடுத்திருக்கிறீர்கள்.

அது பல்லியில்லை மாமா. என் பெட்டி.

அந்த வீட்டில் நான் இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. சரி. உங்களுக்குக் காது இருக்கிறது. இரண்டு.

பிரஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இரும்புத் தகட்டை அப்பளம் மாதிரி வளைக்கிற மெஷின். ‘கை உள்ள மாட்டிக்கிச்சுன்னா கத்துவோம், இவங்களுக்கு எப்படிக் கேட்கும்?’ என்றுதான் அந்தக் கம்பெனி மேனேஜர் முதல் நாளே மறுத்தார். சைகைகள் இருக்கின்றன, உங்கள் சூப்பர்வைசர்களும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் எழுதிக் கொடுத்ததால்தான் மார்ச் 2 என்று தேதி கொடுத்தார். லைனில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது எந்த ஊரில் என்றே எனக்குத் தெரியாது. மறுபடி எடுக்க முடியாது.

இனி அதைச் செருகாதீர்கள். தட்டாதீர்கள். யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒன்றுமே செய்யாதீர்கள்.

பிரவீனா


படப்பை
11 ஜனவரி 2015

என் கர்வத்தைக் கழுவி வெயிலில் காயப்போட்ட மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தெற்குச் சுவர் முன் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் காவல் இருந்தேன். பல்லி வாயே திறக்கவில்லை. சுவரில் பல்லியே இல்லை. போன வருடம் வெள்ளையடித்தபோதே குடிபெயர்ந்துவிட்டதாம், உன் அத்தை இப்போதுதான் சொல்கிறாள்.

‘ஒன்றுமே செய்யாதீர்கள்’ என்று நீ எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வரை நான் செய்தவற்றை இப்போது சொல்லிவிடுகிறேன். பாதியைக் கேட்டு மீதியை விட்டுவிடாதே.

நம் செல்போன் கடை நடேசனிடம் கொண்டுபோனேன். வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். “இதுக்குப் போயா மூஞ்ச தொங்கப் போட்டுகினு வந்த? ஜுரம் கண்டுக்கீது மாமா. ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வை, எழுந்து குந்தும்” என்றான். பாலிதீன் கவரில் சுற்றி, வஞ்சிர மீனுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் படுக்க வைத்தேன். உன் அத்தை, “மீனு வெக்கிற எடத்துல இது இன்னாத்துக்கு? வீச்சம் ஏறிடப் போவுது” என்றாள். எதுக்கு எது வீச்சம் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்தேன். இமயமலை உச்சியிலிருந்து வெட்டியெடுத்த கல் மாதிரி இருந்தது. செருகினேன். டிக் டிக்கும் நின்றுபோனது. பெட்டி ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர்.

நடேசன் அசரவில்லை. “கழட்டிப் பாத்துரலாம் மாமா. ஒரு மணி நேரம். ஃபேன ஆஃப் பண்ணிக்கலாம், தூசி பறக்காது” என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான். அதுவரை சும்மா இருந்த எனக்கு அப்போதுதான் ஏதோ வந்தது. அவன் ஸ்குரூவில் வைக்கும் முன் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது என்று உன் அத்தை சான்றிதழ் கொடுத்தாள்.

இன்று ஞாயிறு. சென்னையில் இரண்டு இடங்களைப் பற்றி விசாரித்துவிட்டேன். ஒன்று, ரிச்சி தெருவில் ஒரு கடை. போன் போட்டதும், ‘நூத்துக்கு நூறு எடுத்துக் குடுப்போம் சார், நாளைக்கே வாங்க’ என்றார்கள். குரலே வெண்ணெய் மாதிரி இருந்தது. இன்னொன்று, கிண்டியில் ஒரு சின்ன லேப். ரத்னா என்று ஓர் அம்மா எடுத்தார். என்ன ஆனது, எத்தனை தடவை செருகினீர்கள், யாராவது திறந்தார்களா என்று போலீஸ் மாதிரி குடைந்தார். ஃப்ரீசரையும் ஒப்புக்கொண்டேன். கடைசியில், ‘வருமா, எவ்ளோ வரும்னு இப்போ தெரியாதுங்க. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்’ என்றார். தெரியாது என்று சொல்லவா ஒரு ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறார்?

எனக்கு ரிச்சி தெருதான் பட்டது. ஆனால் பல்லிக்குப் பிறகு என் காதை நான் நம்புவதில்லை. நீ சொல்.

தண்டனைக்குத் தயாராக,
பாண்டுரங்கன்


மதுரை
15 ஜனவரி 2015

மாமா,

இன்று பொங்கல். ஹாஸ்டலில் நாங்கள் நான்கு பேர்தான். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வராததற்குக் காரணம் பள்ளி வேலை இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஃப்ரீசரைப் பற்றி எழுதினால் பேனா உடைந்துவிடும். அதனால் எழுதவில்லை.

ஆனால் ஒன்று எழுதியாக வேண்டும். மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

டிசம்பர் 14ஆம் தேதி, பெட்டியை உங்களிடம் கொடுக்கும் முன் நான் அதைச் செருகினேன். திறக்கவில்லை. மேலே விரல் வைத்துப் பார்த்தேன். எப்போதும் ஒரே சீராக அதிரும், பூனை முதுகு மாதிரி. அன்று நடுவில் நடுவில் ஒரு குத்து. எனக்குக் கேட்காது, ஆனால் கைக்குத் தெரிந்தது மாமா.

எங்கள் லைனில் ஒரு பழக்கம். டெஸ்ட்டில் ஒரு போன் ஃபெயில் ஆனால் தூக்கிப் போட மாட்டோம். மூன்று தடவை ரீ-டெஸ்ட். மூன்றில் ஒன்று பாஸ் ஆனால் அது பாஸ். பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவோம். நான்கு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் போன் அப்படித் தள்ளிய கை இது. பெட்டியைக் கழற்றிச் செருகினேன். ஃபெயில். மறுபடி. ஃபெயில். மூன்றாவது தடவை திறந்தது. அப்போதே எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஏற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பச்சை ஸ்டிக்கர் ஒட்டி உங்களிடம் தள்ளினேன். பெட்டிக்கு அடியில் பாருங்கள், இருக்கும்.

உங்களுக்கு இரண்டு காது என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதியை.

கிண்டிக்குக் கொண்டு போங்கள். பார்க்காமலே நூற்றுக்கு நூறு என்பவர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை, உங்களைப் பற்றிப் பேசுகிறார். தெரியாது என்பவருக்குத்தான் இதில் என்ன தெரியாமல் போகலாம் என்று தெரிந்திருக்கிறது. போனதும் அவரிடம் கேட்க வேண்டியவை: எந்த இடத்தில் வைத்துத் திறப்பார்? முதலில் மொத்தத்தையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டு அதில்தான் வேலை செய்வாரா? எது எது கிடைத்தது என்று நாம் பார்த்த பிறகுதான் பணமா? வீடியோவில் இருப்பவர்கள் முகம் வெளியே போகாது என்று எழுதிக் கொடுப்பாரா? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மேஜையில் ஸ்குரூ டிரைவரோடு ஃபேன் இருந்தாலும் வந்துவிடுங்கள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் சீட்டுக்கு அடியில் வேண்டாம்.

பிரவீனா


படப்பை
22 ஜனவரி 2015

பிரவீனா,

அடைமொழி இல்லாமல் தொடங்குகிறேனே என்று பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அடைமொழியெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது.

பச்சை ஸ்டிக்கர் இருந்தது. நான் பார்த்தேன், உன் அத்தை பார்த்தாள், ரத்னா அம்மாவும் பார்த்தார். ‘இது எதுக்கு?’ என்றார். ‘எங்க வூட்டுல எல்லாருமே குவாலிட்டி டிபார்ட்மென்ட்டும்மா’ என்றேன்.

பெட்டியைப் பஞ்சில் பொதிந்து, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் வைத்து, தாம்பரம் வழியாகக் கிண்டி. பக்கத்தில் உட்கார்ந்தவர், “இன்னாங்க, தயிர் சாதமா?” என்றார். “இருபத்திரண்டு பேருக்கு” என்றேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

உன் கேள்விகள் நான்கையும் கேட்டேன். நான்குக்கும் தயங்காமல் பதில். கடைசிக் கேள்விக்குத் தாளில் கையெழுத்தே போட்டார். நாற்பது வயதிருக்கும், குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். திறக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மேடை, மூன்று பக்கம் அடைப்பு. சலித்துச் சலித்து எடுத்த காற்று அதன் வழியாக விடாமல் வந்துகொண்டே இருக்கிறதாம். நாம் அரிசி சலிப்போம், மாவு சலிப்போம். காற்றைச் சலித்து நான் பார்த்ததில்லை.

“அப்படி இன்னாம்மா தூசி பண்ணிடும்?” என்றேன்.

“நீங்க பஸ் டிரைவர்தானே சார்? உங்க பஸ்ஸ வெச்சே சொல்றேன்” என்றார். உள்ளே தட்டுக்கு மேலே போகிற படிக்கும் கை தட்டைத் தொடாதாம். பறக்குமாம். அதன் முனையை என் பஸ் அளவுக்குப் பெரிதாக்கினால், சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியின் பாதிக் கனம். வேகம் நொடிக்கு நூறு கிலோமீட்டர். மணிக்கு இல்லை பிரவீனா, நொடிக்கு. படப்பையில் கியர் போட்டால் ஐந்தாம் நொடி மதுரையில் உன் பள்ளி வாசல். அவ்வளவு வேகத்தில், ரோட்டைத் தொடாமல், பாதி முடி உயரத்தில். அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தூசி விழுந்தால் நடுரோட்டில் பாறாங்கல்.

உனக்குத் தெரியும், என் பஸ் ஒரு தடவை பாலாற்றைத் தாண்டிக் குதித்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று. அன்று அந்த அம்மா சாதாரணமாக, காபி ஆற்றிக்கொண்டே, உண்மையைச் சொன்னார். ஐம்பத்திரண்டு வருடமாக நான் வளர்த்த புளுகெல்லாம் அந்த ஓர் உண்மைக்கு முன்னால் கைகட்டி நின்றது.

அன்றே திறந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே இருந்தது தட்டு இல்லை, கண்ணாடி. அதைவிடப் பளபளப்பை நான் கண்டதில்லை. மேலே விளக்கைச் சாய்த்தபோது அவர் முகம் அதில் தெரிந்தது. கூடவே, ஓரத்தில் ஒரு வட்டக் கீறல். மயிரிழை. அது என் பன்னிரண்டு சாயங்காலம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதே மாடலில் நல்ல டிஸ்க் ஒன்று தேடி வாங்கி, அதன் கையை எடுத்து இதற்குப் பொருத்துவாராம். பிறகு கீறல் இல்லாத இடங்களை முதலில் படித்து, கீறல் பக்கம் கடைசியில் போவாராம். மூன்று வாரம். “எவ்ளோ வரும்?” என்றேன். “தெரியாதுங்க” என்றார். இந்த முறை அந்தச் சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

மாமா


மதுரை
29 ஜனவரி 2015

மாமா,

கடிதத்தைக் கனிஷ்கா டீச்சரிடம் கொடுத்தேன். பஸ் கணக்கை அவர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். ‘உங்க மாமா முதல் தடவையா குறைச்சுச் சொல்லியிருக்கார்’ என்கிறார்.

இங்கே நான் சும்மா இல்லை. நினைவில் இருக்கிற சைகைகளை எழுதிப் பார்க்கிறேன். நூற்றுத் தொண்ணூறு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மற்றவர்கள் உண்டாக்கியதை என் கை செய்து பார்த்தால் வேறு எதுவோ ஆகிவிடுகிறது. ஒரு விரல் மாறினால் அர்த்தம் மாறும்.

நீங்கள் வேட்டிக்குப் பின்னால் நின்றீர்கள், ஒன்றுகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் சொல்கிறேன். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை என்றால் மணிக்கட்டில் இருக்கிற கடிகாரத்தை ரப்பர் மாதிரி இழுக்க வேண்டும். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் சட்டைப் பையில் இல்லாத பேனாவை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும். கேன்டீன் சாம்பாருக்கு, உள்ளங்கையில் விரலை முக்கி எடுத்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் இல்லை. நாங்கள் செய்தது.

இசக்கிபாண்டி செய்ததில் ஒன்று முக்கியம். ‘கை உள்ளே இருக்கிறது, நிறுத்து.’ நாற்பது அடி தூரத்தில் இருப்பவனும் கடைக்கண்ணால் பார்த்தே புரிந்துகொள்கிற மாதிரி அதை ஒன்றரை மாதம் மாற்றி மாற்றிச் செய்தான். கடைசியில் செய்த வடிவம் வீடியோவில்தான் இருக்கிறது. எனக்கு முந்தைய இரண்டு வடிவமும் சேர்ந்து குழம்புகிறது. அவன் திருப்பூரில் என்று கேள்வி, நம்பர் மாறிவிட்டது. தவறாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துணிவில்லை. ஒரு கை போய்விடும்.

ரத்னா மேடத்திடம் சொல்லுங்கள். ‘பத்திரம்’ என்று ஒரு ஃபோல்டர். முப்பத்தொரு வீடியோ. முடிந்தால் முதலில் அது.

பிரவீனா


படப்பை
14 பிப்ரவரி 2015

கைகளின் கம்பர், விரல்களின் வள்ளுவர், என் மருமகளுக்கு,

அடைமொழி திரும்பிவிட்டது பார். ‘பத்திரம்’ ஃபோல்டர் முழுசாக வந்துவிட்டது. முப்பத்தொன்றும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று அறுபத்தேழு. நாற்பத்தைந்து அந்தக் கீறலோடு போயிற்று. ரத்னா அம்மா என்னைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினார். போனதற்கு எதிரே சிவப்புக் கோடு. நாற்பத்தைந்தையும் விரல் வைத்து எண்ணினேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கும் ஒரு குறை. எல்லா வீடியோவிலும் பேச்சு வரவில்லை, ஆடியோ அழிந்துவிட்டது என்று நினைத்து அரை நாள் சத்தத்தை ரிப்பேர் பார்த்திருக்கிறார். பின்னணியில் லாரி ஹாரன் கேட்கிறது, காக்கா கேட்கிறது, மனுஷப் பேச்சு மட்டும் இல்லை. “பேச்சே இல்லையேம்மா, எல்லாம் கைதான்” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்று, இரண்டு என்று பார்க்க ஆரம்பித்தது, அறுபது ஆகிவிட்டது. அவர் இரண்டு தடவை வந்த போனை எடுக்கவில்லை.

மூன்று வருடம் நான் தூக்கிப் பிடித்த வேட்டிக்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. என் கட்டைவிரல் இரண்டும் எல்லா வீடியோவிலும் ஓரத்தில் தெரிகிறது. முட்டாள் விரல்கள், ஒன்றும் புரியாமல் நிற்கின்றன. முன்னால் ஒரு பெண் பத்து விரலில் ஒரு கன்வேயர் பெல்ட்டையே ஓட்டுகிறாள். அது நிற்கிறது, அதில் ஒரு போன் மட்டும் தலைகீழாக இருக்கிறது, அவள் அதைத் திருப்பி வைக்கிறாள். கையில் ஒன்றுமே இல்லை. எனக்கு போன் தெரிந்தது.

கடைசியாக, இது என்ன என்று கேட்டு ஒன்றைத் திறந்து காட்டினார். 288. அதற்குப் பெயர் எழுதவில்லை. இசக்கிபாண்டி நிற்கிறான். இரண்டு உள்ளங்கையும் எதிரெதிரே, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு இடைவெளி. அது பெரிதாகிறது. தேங்காய், பானை, வண்டிச் சக்கரம். கை எட்டும் வரை விரிந்து, எட்டாதபோது நுனிக்காலில் நின்று இன்னும் விரிக்கிறான். பிடித்திருக்கிற ஆள் சிரித்திருக்க வேண்டும், படமே குலுங்குகிறது. நான் ரத்னா அம்மாவிடம், “இது பிரபஞ்சம்” என்று விளக்கம் கொடுத்துவிட்டேன். சரிதானே?

மாமா


மதுரை
18 பிப்ரவரி 2015

மாமா,

288 நீங்கள்தான். உங்கள் பெயர் அது. ‘பாண்டுரங்கன்’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நேரமில்லை, அதனால் லைனில் எல்லோரும் வைத்தது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லக்கூட அதைத்தான் காட்டுவோம். மூன்று வருடமாக நீங்கள் வரும்போதெல்லாம் உங்கள் எதிரிலேயே காட்டியிருக்கிறோம். நீங்கள் பதிலுக்குக் கும்பிடு போட்டீர்கள்.

முந்நூற்று அறுபத்தேழு என்று படித்ததும் வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஒரு பையன் என்ன என்று கேட்டான். தொலைந்தது கிடைத்தது என்றேன். எவ்வளவு கிடைத்தது என்றான். இவ்வளவு என்று 288ஐக் காட்டினேன்.

போன நாற்பத்தைந்தில் என்ன என்ன என்று நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலில் பார்த்தேன். பதினொன்று எனக்கு நினைவிருக்கிறது. முப்பத்து நான்கு இல்லை. கிடைத்ததோடுதான் கம்பெனிக்குப் போக வேண்டும். மேனேஜர் குறைகிறது என்று சொன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை. 28ஆம் தேதி ராத்திரி ரயில். விடிந்ததும் வருகிறேன்.

மீசையைக் கொஞ்சம் கத்தரித்து வையுங்கள். பேச வேண்டும்.

பிரவீனா


மதுரை
8 மார்ச் 2015

மாமா,

டிரைவரைப் பயிற்சி ஹாலுக்குள் விடமாட்டோம் என்று கேட்டிலேயே உங்களை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வரும்போது நான் களைத்திருந்தேன், நீங்கள் கத்தரித்த மீசையோடு வேறு யாரோ மாதிரி இருந்தீர்கள், ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் நாள் மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். பிரஸ்ஸில் தகடு மாட்டிக்கொண்டால் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டார். ‘மெஷினில் மாட்டிக்கொண்டது’ என்று எங்கள் லைனில் இருந்த சைகை சிவப்புக் கோட்டில் போனது. இல்லை என்று எழுதிக் காட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

பின் வரிசையில் வாலாஜாபாத் பெண் ஒருத்தி, சந்தனமாரி, எங்கள் லைனில் இருந்தவள் இல்லை, இதுவரை வேலைக்கே போகாதவள். அவள் எழுந்து போய் பிரஸ் மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். மேல் பல், கீழ்ப் பல், நடுவில் தகடு. திரும்பி வந்து கையால் ஒன்று செய்தாள். பக்கத்தில் இருந்தவன் ‘விரல் தகடு மாதிரி இல்லை’ என்று திருத்தினான். இன்னொருத்தி மாற்றினாள். இருபத்திரண்டு பேரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒரு சைகை பிறந்து, நின்று, எல்லோர் கைக்கும் போய்விட்டது. மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கையைத் தூக்கி அதைச் செய்து பார்த்தார். தப்பு. சந்தனமாரி அவர் கட்டைவிரலைப் பிடித்து மடக்கிச் சரிசெய்தாள். மேனேஜர் விரலை மாமா. பிறகு அவர் பேனாவைத் திறந்தார்.

சாயங்காலத்துக்குள் முப்பத்து நான்குக்கும் புதிது வந்துவிட்டது. சிலது பழையதைவிட நன்றாக இருந்தது. இந்த முறை அன்றைக்கே மூன்று பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று கம்பெனியில், ஒன்று என்னிடம், ஒன்று ரத்னா மேடத்திடம்.

இருபத்திரண்டு பேருக்கும் வேலை உறுதி, 16ஆம் தேதி அவர்களின் முதல் ஷிஃப்ட். உங்கள் பஸ்தான். பத்திரம்.

பிரவீனா


படப்பை
18 மார்ச் 2015

பிரவீனா,

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குப் படப்பையில் வண்டியை எடுத்தேன். இருபத்திரண்டு பேரும் ஏறினார்கள். ஏறும்போது ஒவ்வொருவரும் துவரம்பருப்பிலிருந்து பிரபஞ்சம் வரை விரித்துக் காட்டிவிட்டு ஏறினார்கள். இந்த முறை கும்பிடு போடவில்லை. நானும் விரித்தேன். ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டேன்.

பழக்கத்தில் எஃப்.எம். போட்டேன். பிறகு யாருக்காக என்று அணைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் பேரை ஏற்றியிருப்பேன். தூங்குவார்கள், காதில் ஒயர் மாட்டுவார்கள். இப்படி ஒரு பஸ்ஸை நான் ஓட்டியதில்லை. கடைசி சீட்டுக்காரன் முதல் சீட்டுக்காரியிடம் பேசுகிறான். நடுவில் இருப்பவன் குறுக்கே புகுந்து கேலி செய்கிறான். நான்கு சண்டை, ஏழு கதை, ஒரு காதல் என்று நினைக்கிறேன், எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று மோதாமல். படப்பை முழுக்க வாயாடி என்று பெயரெடுத்த நான் ஒருவன்தான் அந்த வண்டியில் பேசத் தெரியாதவன்.

ஒரகடம் வருவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் தோளில் ஒரு தட்டு. சந்தனமாரி. ஏதோ காட்டினாள். புரியவில்லை. தன் காலைக் காட்டினாள், பஸ் தரையைக் காட்டினாள், பின்பக்கம் இடதைக் காட்டினாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதி நீட்டினாள்: ‘சக்கரம் சரியில்லை. கால் சொல்கிறது.’

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நானே சுற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால், போம்மா, நான் பொறந்தப்பவே ஸ்டியரிங்கோட பொறந்தவன் என்றிருப்பேன். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின் இடது சக்கரத்தில் ஒரு நட்டு இல்லவே இல்லை. இன்னும் இரண்டு நட்டு வெறுங்கையால் திருகினாலே சுற்றுகிறது. அந்த ரோட்டில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். வீல் ஸ்பேனரை எடுத்து வந்தேன். இசக்கிபாண்டி மாதிரி நெடுநெடுவென்று ஒரு பையன் இறங்கி வந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். முடுக்கினான். சந்தனமாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, வண்டியை மெதுவாக எடுக்கச் சொல்லி, வெறுங்காலோடு நடு வழியில் கண்மூடி நின்றாள். ஐம்பது அடி போனதும் கட்டைவிரலைத் தூக்கினாள்.

கேட்டுக்குப் போகும்போது ஒன்பது நிமிஷம் தாமதம். முதல் நாளே. செக்யூரிட்டி ஐயனார் நோட்டை நீட்டி, “இன்னா மாமா, மொத நாளே லேட்டு? இன்னா கதை வெச்சிக்கீற?” என்றான். பழைய பாண்டுரங்கனாக இருந்தால் யானைக் கூட்டம் குறுக்கே வந்திருக்கும்.

“நட்டு கழண்டுகிச்சுப்பா” என்றேன்.

“யாருக்கு, வண்டிக்கா உனுக்கா?” என்றான்.

பின்னால் இருபத்திரண்டு பேர் வரிசையாக இறங்கி, அட்டையைத் தேய்த்து, பிரஸ் ஷாப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள். கடைசி ஆள் உள்ளே போகிற வரை பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

“ரெண்டு பேருக்கும். இப்போ முடுக்கியாச்சு.”

உன் மாமா